கருடா பிரஷ் கம்பெனிக்கு வயது என்ன?

அத்தியாயம் 14

ஆபீஸ் சுவரில் ஆணி இருந்தது. அதில் மாட்டியிருந்த போட்டோவைக் காணோம்.

நேற்று சாயங்காலம் கதவைப் பூட்டும்போதுதான் தமயந்தி அதைக் கவனித்தாள். இன்று வியாழக்கிழமை, காலை எட்டரைக்கே வந்து மறுபடி பார்த்தாள். போட்டோவுக்குக் கால் முளைத்து இறங்கிப் போயிருக்க முடியாது. யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் சொல்லவும் இல்லை. சொல்லாமல் எடுப்பதற்கு நம் ஊரில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு.

ஐம்பத்தாறாம் வருஷம் அவளுடைய மாமனார் தனக்கோடி அல்சூரில் இந்தப் பட்டறையைத் திறந்த அன்று எடுத்த போட்டோ அது. மேலே ‘தனக்கோடி பிரஷ் ஒர்க்ஸ், 1956’ என்று பலகை. கீழே கழுத்து மறைய மாலையோடு அவர். இரண்டு பக்கமும் ஏழு வேலையாட்கள், செருப்பில்லாமல், விறைப்பாக. அவர் போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. பலகையும் மாறிவிட்டது. இப்போது வாசலில் இருப்பது ‘கருடா பிரஷ் கம்பெனி’. இந்தக் கம்பெனிக்கு நாற்பத்தைந்து வயசு என்று கண்ணுக்குக் காட்ட மிச்சமிருந்தது அந்தப் போட்டோ ஒன்றுதான்.

அது இன்றைக்குப் பார்த்துத்தானா காணாமல் போக வேண்டும்?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த கடிதத்தை நாம் மறந்துவிட முடியாது. புதிதாகத் தொழிற்சாலை கட்டியிருக்கிற ஜெர்மன்காரர்கள், தங்கள் மெஷின்களுக்கு உருளை பிரஷ் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு விடாத ஆர்டர். ஒரே நிபந்தனை: சப்ளை செய்கிற கம்பெனி இடைவிடாமல் இருபத்தைந்து வருஷமாவது நடந்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதைச் சரிபார்க்க இன்று மூன்று மணிக்கு ஆள் வருகிறது.

நிபந்தனை போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 2001-இல் பெங்களூரு அப்படித்தான் இருந்தது. கோரமங்களாவில் ஒரு கம்பெனிக்குப் பலகை மாட்டிய பெயின்டரே எட்டு மாதம் கழித்து வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனார். பல வீடுகளில் ஊறுகாய் ஜாடி அந்தக் கம்பெனிகளைவிட வயசில் மூத்தது.

கருடா கம்பெனி அந்த ரகம் இல்லை. ஆனால் கிழத்துக்கும் ஒரு நோய் உண்டு. பால் பாட்டில் கழுவும் பிரஷ் செய்து வளர்ந்த கம்பெனி இது. பால் பாக்கெட்டில் வர ஆரம்பித்தபோதே பாதி மூச்சு போயிற்று. கம்பிப் பிரஷ்ஷை வைத்து மீதியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு பேருக்கு இப்போது வாரத்தில் நாலு நாள்தான் வேலை. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து, மறுநாள் கதவைச் சாத்திவிடலாம் என்று எத்திராஜே சொல்லிவிட்டார்.

எத்திராஜ் தனக்கோடியின் மூத்த மகன். அறுபது வயசு. தமயந்தியின் கணவன் ரகுராம் இளையவன், அவரைவிடப் பதினாறு வயசு சின்னவன். தமயந்தி ஐந்து வருஷமாக ஆபீசைப் பார்த்துக்கொள்கிறாள். ஆர்டர், கடிதம், போன் எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் ஆடிட்டரிடம் போகிற பேப்பர் ஒன்றுகூட அவள் கண்ணில் பட்டதில்லை. அதை எத்திராஜ் யாரிடமும் விட்டதே இல்லை.

அந்த எத்திராஜ் ஒன்பது மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தார். நெற்றியில் விபூதி, கையில் செய்தித்தாள். ஆணியைப் பார்க்காமல் நேராக நாற்காலிக்குப் போனார். பார்க்காமல் போனதைத் தமயந்தி பார்த்துக்கொண்டாள்.

“மாமா, இங்க இருந்த போட்டோ எங்க?”

“எந்தப் போட்டோ?”

“என்ன மாமா, நம்ம ஓப்பனிங் போட்டோ. இத்தனை வருஷமா உங்க தலைக்கு மேலதானே தொங்குது?”

எத்திராஜ் திரும்பிப் பார்த்தார். “அட, ஆமா. வெள்ளையடிக்கறப்ப எடுத்திருப்பானுங்க.”

“வெள்ளையடிச்சது போன வருஷம். முந்தாநாள்கூட நான் தூசி தட்டினேன்.”

“அப்ப தெரியலம்மா. கிடைக்கும் விடு.”

விடுவதற்கு இது என்ன கர்ச்சீப்பா? தமயந்தி மென்று விழுங்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்.

“சரி, ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்டாவது குடுங்க. ஜெராக்ஸ் எடுத்து வெச்சிடறேன். மூணு மணிக்கு அந்தம்மா வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.”

செய்தித்தாள் எத்திராஜின் முகத்துக்கு முன்னால் உயர்ந்தது. “அது எதுக்கு? பழைய மிலிட்டரி ஆர்டர் ரெண்டு இருக்குது பாரு, அறுபத்திரண்டுல வந்தது. அதைக் காட்டு, போதும்.”

“லெட்டர்ல சர்டிபிகேட்னு தெளிவா போட்டிருக்கே மாமா.”

“ஆடிட்டர்கிட்ட இருக்குது. அவர் ஊர்ல இல்ல.”

காபி டம்ளரோடு வந்த ஜெயலட்சுமி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எத்திராஜின் மனைவி, தமயந்திக்கு ஓரகத்தி. பதினாறு வருஷத்தில் ஒருநாளும் ஆபீஸ் விஷயத்தில் வாய் திறக்காதவள், இன்றைக்குத் திறந்தாள்.

“அந்தப் பேப்பரையெல்லாம் இப்ப எதுக்கு தமயந்தி கிளறிகிட்டு? வர்றவங்களுக்குக் காபி குடுத்து நல்லபடியா பேசி அனுப்பு. எல்லாம் நடக்கும்.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை நொடிதான். அந்த அரை நொடி போதும், ஒரு குடும்பத்தில் இளையவளாக வந்தவளுக்கு.

கம்பெனியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். வேறென்ன? தம்பியை வேலைக்காரன் மாதிரி ஓடவிட்டு, சத்தமில்லாமல் மொத்தத்தையும் எழுதி வாங்கிவிட்டார். அதனால்தான் சர்டிபிகேட் வெளியே வரமாட்டேன் என்கிறது.

ரகுராமிடம் சொல்லலாம் என்றால் அவன் இல்லை. நைலான் இழை பார்க்க அத்திபெலே போகிறேன் என்று காலை ஆறுக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செல்போனில் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தான். இந்த மனுஷனுக்கு வீடு பற்றி எரிந்தால்கூடத் தெரியாது என்று எரிச்சல் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. நைலான் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று அண்ணனிடம் நாலு வருஷமாகக் கெஞ்சுகிறான். “நாப்பது வருஷமா நிக்கிற கம்பெனிடா, புதுசா எதுவும் வேணாம்” என்பதே ஒவ்வொரு தடவையும் பதில்.

“மாமா, ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுத் தமயந்தி பையை எடுத்தாள்.

பொய்தான். அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

*

காக்ஸ் டவுனில் ஆடிட்டர் ஆபீஸ் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்பாதி. ஆடிட்டர் உண்மையிலேயே ஊரில் இல்லை. மௌரீன் இருந்தாள். முப்பது வருஷமாக அங்கே ஃபைல்களைக் கட்டி ஆளுகிறவள். மாதா கோயில் பாடகர் குழுவிலும் அவள் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். சின்னக் குரலில் பேசத் தெரியாது.

“வாம்மா தமயந்தி! என்ன, நீ வந்திருக்கே? எப்பவும் அண்ணன்தானே வருவாரு?”

“மாமாவுக்கு உடம்பு சரியில்ல மௌரீன் ஆன்ட்டி. எங்க கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர் ஒரு காப்பி வேணும். இன்னிக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன்.”

காலையிலிருந்து இது இரண்டாவது பொய். மௌரீன் சந்தேகப்படவில்லை. ஏணி போட்டு ஏறி, ஃபைலை இறக்கி, புடவைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டி மேஜைமேல் வைத்தாள்.

முதல் பத்திரம் கலைப்புப் பத்திரம்.

தமயந்தி இரண்டு தடவை படித்தாள். ‘தனக்கோடி பிரஷ் ஒர்க்ஸ்’ என்ற கூட்டு வியாபாரம் 31-12-1991 அன்றோடு கலைக்கப்படுகிறது. கீழே எத்திராஜ் கையெழுத்து. அதற்குக் கீழே ரகுராம் கையெழுத்து.

அடுத்த பேப்பர் விற்பனை வரி சர்டிபிகேட். ‘கருடா பிரஷ் கம்பெனி’. ஆரம்பித்த தேதி 6-1-1992.

அப்படியானால் நாற்பத்தைந்து இல்லை. பேப்பரில் இந்தக் கம்பெனிக்கு ஒன்பது வயசு. நாலாங்கிளாஸ் படிக்கிற பிள்ளையின் வயசு.

உரிமையாளர் என்ற இடத்துக்கு விரலை நகர்த்தினாள். எத்திராஜ் பெயர் இருக்கும் என்று நிச்சயமாக எதிர்பார்த்தாள். அதற்கான கோபத்தைக்கூட வழியிலேயே தயார் பண்ணி வைத்திருந்தாள்.

எம். மஞ்சுநாத்.

“ஃபோர்மேன் மஞ்சுநாத்தா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“உனக்குத் தெரியாதா?” மௌரீனின் பெரிய குரல் முதல்முறையாகச் சின்னதாயிற்று. “ஜீஸஸ்! நான் தப்பு பண்ணிட்டேனா? ஜூலையில உங்க கம்பெனி ஆளு வந்து இதே பேப்பரெல்லாம் காப்பி வாங்கிட்டுப் போச்சே. அதான் எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

“யாரு வந்தது?”

“நான் அப்போ கே.ஜி.எஃப்ல பொண்ணு டெலிவரிக்குப் போயிருந்தேன். பியூன்தான் குடுத்தான். கருடா கம்பெனி ஆளுன்னு மட்டும் எழுதி வெச்சிருக்கான், மடையன்.”

கருடா கம்பெனி ஆள். உரிமையாளரைவிடப் பெரிய ஆள் யார் இருக்க முடியும்?

ஆட்டோவில் திரும்பும்போது தமயந்திக்கு மஞ்சுநாத்தின் ஒவ்வொரு செயலும் புதுசாகத் தெரிந்தது. போன மாதம் புது ஹீரோ ஹோண்டா வாங்கினான். பெண்ணை இன்ஜினீயரிங்கில் சேர்த்திருக்கிறான். எத்திராஜ் எதிரில் உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நிற்கிறானே, அந்தப் பணிவு எதற்கு? கம்பெனியையே வைத்திருக்கிறவன் நாற்காலிக்கு ஏன் அலைய வேண்டும்? சந்தேகம் ஒரு வேடிக்கையான சாமான். கையில் எடுத்துவிட்டால் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் அந்தக் கலைப்புப் பத்திரத்தில் ரகுராம் கையெழுத்தும் இருந்ததே? அதை அவள் மனசு தாண்டிக்கொண்டு போயிற்று. அண்ணன் சொன்ன இடத்தில் தம்பி போட்டிருப்பான், அவ்வளவுதான்.

*

பட்டறையில் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. தமயந்தி நேராகப் போய் எத்திராஜ் மேஜைமேல் பேப்பர்களை வைத்தாள்.

“மாமா, நம்ம கம்பெனிக்கு வயசு என்ன?”

எத்திராஜ் பேப்பரைத் தொடவில்லை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் சட்டென்று வற்றிப்போயிற்று.

“ஆடிட்டர்கிட்ட போனியா?”

“போனேன். நீங்க ஏமாத்தறீங்கன்னு நெனச்சுகிட்டுப் போனேன். அங்க பார்த்தா நீங்களே இல்ல. மஞ்சுநாத் இருக்கான்.”

உள்ளேயிருந்து மஞ்சுநாத் எட்டிப் பார்த்தான். ஐம்பது வயசு, நரைத்த மீசை, கையில் சாப்பாட்டு டப்பா. கன்னடக்காரன். இந்தத் தெருவிலேயே வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. எத்திராஜ் அவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“வா மஞ்சு. தெரிஞ்சு போச்சு.”

அப்புறம் எத்திராஜ் பேசினார். அவர் இவ்வளவு பேசித் தமயந்தி கேட்டதில்லை.

“தொண்ணூத்தொண்ணு டிசம்பர்ல காவேரிக் கலவரம். நீ அப்ப புள்ளையைத் தூக்கிகிட்டு குடியாத்தத்துல இருந்தே. இங்க தமிழ்ப் பேரு எழுதின பலகையெல்லாம் நடுங்கிச்சும்மா. தெருமுனையில கூட்டம் வந்துட்டாங்க. இவன்தான் வாசல்ல நின்னான். ‘இது நம்ம கம்பெனி, போங்க’ன்னு கன்னடத்துல கத்தினான். போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே ஏணி போட்டு அப்பா பேரை நானே கழட்டினேன். என் கையாலயே கழட்டினேன்.”

ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

“நாளைக்கு மறுபடி வந்து பேப்பர் கேட்டா? பயம். பழசைக் கலைச்சிட்டு, புதுப் பேருல, இவன் பேருல எழுதிட்டோம். ரகுவும்தான் கையெழுத்து போட்டான். நிலைமை சரியானதும் திருப்பி மாத்திக்கலாம்னு சொல்லிகிட்டே ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு. யார்கிட்டயும் சொல்ல வெக்கம். அப்பன் வெச்ச பேரைப் பயந்து கழட்டினவன்னு எப்படிம்மா சொல்லிக்கிறது?”

தமயந்திக்குக் காலையில் இவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம் என்று கூசியது. ஆனால் மணி ஒன்றரை. கூசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. மஞ்சுநாத்தைப் பார்த்தாள்.

“ஜூலையில ஆடிட்டர் ஆபீசுக்கு எதுக்குப் போனீங்க மஞ்சுநாத்?”

“நானா? நான் போகலியே சிக்கம்மா.” சின்னம்மா என்பதை அவன் அப்படித்தான் சொல்வான். “அந்த ஆபீஸ் வாசப்படி மிதிச்சு எட்டு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் அண்ணா கொண்டு வர்ற பேப்பர்ல சைன் மட்டும் பண்றேன்.”

“உங்க கம்பெனி. உங்க பேரு. காப்பி வாங்கினா தப்பில்லையே?”

மஞ்சுநாத் டப்பாவைக் கீழே வைத்தான். கண் சிவந்துவிட்டது.

“என்னோடது அல்ல சிக்கம்மா. நான் எழுதியே குடுத்துட்டேன். கலவரம் அடங்கி, மார்ச் மாசம் யுகாதிக்கு முன்னாடி, ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி சைன் பண்ணிக் குடுத்தேன். ‘இது தனக்கோடி யஜமான்ரு ஆரம்பிச்ச அதே கம்பெனி, பேரு மட்டும்தான் மாத்தினோம், இது ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேரணும்’ அப்படின்னு. எனக்கு ராத்திரி நித்திரை வரல்ல அப்போ. அடுத்தவங்க சொத்து பேருல இருந்தா எப்படி வரும்?”

எத்திராஜ் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். “என்கிட்ட குடுக்கலியேடா!”

“நீங்க அப்போ ஹெர்னியா ஆப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில. ரகு அண்ணா கையில குடுத்தேன். அண்ணன்கிட்ட சேர்த்திடறேன்னாரு.”

தமயந்தி கடகடவென்று கணக்குப் போட்டாள். அந்தப் பத்திரம் இருந்தால் போதும். பேப்பரில் ஒன்பது வயசானாலும், இது அதே கம்பெனிதான் என்று உரிமையாளரே எழுதிக் கொடுத்தது. நாற்பத்தைந்து வருஷமும் திரும்பி வந்துவிடும். ஆர்டரும் வந்துவிடும்.

“அவரு எங்கயாவது பத்திரமா வெச்சிருப்பாரு மாமா. வீட்டுக்கு ஓடிப் பார்த்துட்டு வரேன்.”

ஜோகுபாளையாவில் அவர்கள் வீடு பத்து நிமிஷ நடை. ஓடினாள். பீரோ, பரண்மேல் டிரங்குப் பெட்டி, மெத்தைக்கு அடியில் என்று ஒன்றுவிடாமல் புரட்டினாள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து மகனின் அம்மை ஊசி அட்டை வரை இருந்தது. அந்தப் பத்திரம் இல்லை. ரகுராமின் செல்போன் இன்னும் அணைந்தே கிடந்தது. ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்மேல் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது. மறதியாக இருக்கும் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். பெண்டாட்டிமாருக்கு இந்தச் சமாதானம் தலைப்பு முடிச்சிலேயே இருக்கும்.

*

சரியாக மூன்று மணிக்கு, ஜெர்மன்காரர்கள் அனுப்பிய சுனிதா வந்தாள். இருபத்தேழு வயசுக்குமேல் இராது. சேலத்துப் பெண். தோளில் லேப்டாப் பை, மார்பில் ஒரு ஃபைல். ஜெயலட்சுமி கொண்டுவந்த காபியை வாங்கிக்கொண்டாள், ஆனால் குடிக்கவில்லை. குடிக்காததைத் தமயந்தி கவனித்தாள்.

“சார், உங்க கம்பெனிக்கு வயசு என்ன?”

“நாப்பத்தஞ்சும்மா” என்றார் எத்திராஜ்.

“இவர் யாரு?”

மஞ்சுநாத் ஒரு அடி முன்னால் வந்தான். “பேப்பர்ல நான்தான் மேடம் ஓனர். ஆனா கம்பெனி இவங்களது.” ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். கலவரம், பலகை, பேர் மாற்றம், தான் எழுதிக் கொடுத்த பத்திரம் எல்லாம் வந்தன. தமயந்தி பக்கத்தில் நின்று தேதிகளை எடுத்துக் கொடுத்தாள். பத்திரம் கணவரிடம் இருக்கிறது, நாளைக் காலையில் கொண்டுவந்து தருகிறேன் என்றாள்.

சுனிதா குறுக்கிடாமல் கேட்டாள்.

“நான் முதல்ல சேர்ந்த கம்பெனி ரெண்டாவது பர்த்டே கேக் வெட்டல மேடம்” என்றாள். “அடுத்தது பதினாலு மாசம். புதுக் கம்பெனின்னா ஆறு மாசத்துல போன் எடுக்க ஆள் இருக்காதுன்னு எங்க ஜெர்மன்காரங்களுக்கு பயம். அதான் இருபத்தஞ்சு வருஷம் கேக்கறாங்க. ரொம்பப் பழசுன்னா வேற பயம். மெஷினும் பழசா இருக்கும், மனுஷங்களும் மாற மாட்டாங்க. உங்க கேட்டலாக் எழுபத்திநாலுல அடிச்சது. அதுல இன்னும் பால் பாட்டில் பிரஷ் இருக்கு.”

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“அதைக்கூட நான் பேசி சரி பண்ணியிருப்பேன். இப்ப பிரச்சினை அது இல்ல சார்.” சுனிதா ஃபைலைத் திறந்தாள். “அந்தப் பத்திரத்தை நீங்க நாளைக்குத் தர வேண்டியதில்ல. ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கு.”

மேஜைமேல் முதலில் போட்டோ வந்தது. மாலை போட்ட தனக்கோடி, ஏழு வேலையாட்கள். அதன்மேல் 1991-இன் கலைப்புப் பத்திரத்தின் காப்பி. அதன்மேல் பழுப்பேறிய முத்திரைத்தாள் ஒன்று, கீழே மஞ்சுநாத்தின் கையெழுத்து.

“ஜூன்ல நாங்க பேப்பர்ல விளம்பரம் குடுத்தோம். இதே ஆர்டருக்கு, அந்தப் பழைய கம்பெனியோட வாரிசு நாங்கதான்னு சொல்லி, ஆகஸ்ட்லயே இன்னொரு கம்பெனி அப்ளை பண்ணியிருக்கு. பேப்பரெல்லாம் அப்பவே குடுத்துட்டாங்க. இந்த ஒரிஜினல் போட்டோ மட்டும் நேத்து மத்தியானம்தான் வந்தது. புது ஷெட், ரெண்டு நைலான் மெஷின். நான் போன வாரம் போய்ப் பார்த்தேன், நல்லா இருக்கு. ஆனா ரெண்டு கம்பெனிக்கும் பிறந்த வருஷம் ஒண்ணு, தாத்தாவும் ஒருத்தர். அது எப்படின்னு கேக்கத்தான் இன்னிக்கு வந்தேன்.”

எத்திராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுனிதா கடைசியாக நீட்டிய விண்ணப்பத்தை வாங்கினார். தன் கையால் கழற்றிய பேர் தலைப்பில் இருந்தது. எழுத்துக் கூட்டுவது மாதிரி வாய்விட்டுப் படித்தார்.

“தனக்கோடி பிரஷ் ஒர்க்ஸ். அத்திபெலே. நிறுவிய வருஷம் 1956. உரிமையாளர்...”

நிறுத்தினார். தம்பியின் பெயர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தமயந்திக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் நைலான் இழை வாங்கப் போனதாகச் சொன்ன இடத்தில் அவன் ஒரு கம்பெனியே கட்டியிருக்கிறான். அண்ணன் தரமாட்டேன் என்ற மெஷினை அங்கே வாங்கிப் போட்டுவிட்டு, இங்கிருந்து வயசை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

“உரிமையாளர்,” என்று எத்திராஜ் மறுபடி தொடங்கினார். “ஆர். தமயந்தி.”

ஜெயலட்சுமியின் கையிலிருந்த தட்டு சரிந்தது. மஞ்சுநாத் தமயந்தியையே பார்த்தான். மத்தியானம் அவள் அவனைப் பார்த்தாளே, அதே பார்வை.

சுனிதா காகிதத்தைத் தமயந்தி பக்கம் திருப்பி வைத்தாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி. பெயருக்குமேல் சாய்ந்த கையெழுத்து, அவளுடையதுதான். ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் விரல் தடம்.

வரலட்சுமி நோன்பு அன்று. கலசத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது ரகுராம் நாலைந்து காகிதத்தோடு வந்தான். “கேஸ் கனெக்‌ஷனை உன் பேருக்கு மாத்தறேன், பென்சில் பெருக்கல் போட்ட இடத்துல கையெழுத்து போடு” என்றான். அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை. படிக்கவும் இல்லை. புருஷன் காட்டிய இடத்தில் போட்ட கையெழுத்தை அந்த வீட்டில் எந்தப் பெண்தான் படித்திருக்கிறாள்?

“மேடம், இது உங்க கையெழுத்தா?” என்று சுனிதா கேட்டாள். “இல்லன்னா சொல்லிடுங்க. போர்ஜரின்னு எழுதி லீகல்ல குடுத்துடுவேன். அந்த அப்ளிகேஷன் கேன்சல் ஆகிடும், இந்தப் பத்திரத்தை வெச்சு உங்க மாமா கம்பெனிக்கே ஆர்டர் தரச் சொல்லி நானே எழுதறேன். ஆனா அதைக் கொண்டுவந்து குடுத்தவர் மேல போலீஸ் கேஸ் வரும்.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டறை பிழைக்கும், பதினான்கு பேரும் பிழைப்பார்கள், மாமாவின் மானமும் பிழைக்கும். ரகுராம் ஜெயிலுக்குப் போவான். அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. அது பொய். கையெழுத்து அவளுடையது.

காலையிலிருந்து இரண்டு பொய் சொல்லியாயிற்று. மூன்றாவது வாயில் வந்து நின்றது. அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. படிக்காமல் ஏமாந்து போட்டேன் என்று சொன்னாலும் மாட்டிக்கொள்வது ரகுராம்தான்; அதுவும் வாயில் வரவில்லை. பயமா, புருஷன்மேல் பாசமா, வெறும் பழக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஆமா” என்றாள். “என் கையெழுத்துதான்.”

சுனிதா குறித்துக்கொண்டாள். பேனா நகரும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பதினாறு வருஷமாக அவளை ‘அம்மா’ சேர்க்காமல் கூப்பிட்டதே இல்லை.

“ஆபீஸ் சாவியை மேஜைமேல வெச்சிட்டுப் போ, தமயந்தி” என்றார்.